கட்டில் ஆடினால் நெருப்பு

சைரன்களைப் பார்த்து அந்த விடுதிப் பெண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது அடங்க அரை நாள் பிடித்தது. ஏணி போட்டு ஏறி, கூரையில் வரிசையாகச் சிவப்புக் குடுவைகளை மாட்டிவிட்டு இறங்கிய ஆளிடம், அது என்ன என்று ஒருத்தி சைகையில் கேட்டிருக்கிறாள். அவன் வாயை ஆவென்று பிளந்து கத்துவதுபோல நடித்துக் காட்டியிருக்கிறான். போதாதா? காது கேளாத பெண்கள் மட்டும் தங்கித் தையல் வேலை பார்க்கும் விடுதி அது. அங்கே நெருப்புப் பிடித்தால் எழுப்புவதற்கு ஊளையிடுகிற கருவி! சிரிக்காமல் என்ன செய்வார்கள், பாவம். சாப்பாட்டு வேளையில்கூட ஒருத்தி வாயைப் பிளந்து காட்டினால் இன்னொருத்திக்குப் புரையேறியது.

மச்சக்காரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த விடுதியில் யாருக்கும் தாய்தகப்பன் வைத்த பெயர் செல்லாது. கையால் காட்ட முடிகிற பெயர்தான் பெயர். மோவாயைத் தொட்டுக் காட்டினால் மச்சக்காரி. சதா முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிற, விடுதியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர், கைக்குட்டை. சட்டைப் பையில் நாலைந்து பேனா செருகியிருக்கிற மச்சக்காரியின் முதலாளி, பேனா. இடுப்பில் சாவிக்கொத்தோடு விடுதியைக் கட்டி மேய்க்கும் காப்பாளர் அம்மாள், சாவி. அந்தச் சாவி வேறு யாருமல்ல, மச்சக்காரியைப் பெற்றவள். அவளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, மகளுக்குக் கேட்கும். மேல்மாடியில் பெண்களோடு பெண்ணாகக் கடைசிக் கட்டிலில்தான் அவள் படுக்கை.

பெற்ற தாய் படுத்துத் தூங்குகிற இடத்தில், தாய்க்குக் கேட்காத சைரனை மாட்டி, அது ஒழுங்காக ஊதுகிறதா என்று பார்த்துக் கொடுப்பது மகளுடைய வேலையாக வந்து சேர்ந்தது. யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மச்சக்காரி தீ எச்சரிக்கைக் கருவிகள் பொருத்தும் கம்பெனியில் இருந்தாள். கம்பி இழுப்பதற்கும் ஏணி ஏறுவதற்கும் வேறு ஆட்கள். எல்லாம் முடிந்தபிறகு மடிக்கணினியோடு போய், சுவரில் மாட்டிய பேனலுக்குப் புத்தி சொல்லிக்கொடுப்பவள் இவள். புகையை முகர்கிற கருவியிலிருந்தோ, கையால் அழுத்துகிற சிவப்புப் பெட்டியிலிருந்தோ பேனலுக்கு வரும் சேதி இன்புட். பேனல் திருப்பி இடும் கட்டளை அவுட்புட்: சைரனே ஊது, பின்கதவே திற, காற்றாடியே நில். எந்தச் சேதி வந்தால் எந்தக் கட்டளை போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவைக்க வேண்டும். பெரிய குடும்பத்தில் மாமியார் பார்க்கிற வேலைதான் இது. யார் இருமினால் யார் வெந்நீரோடு ஓட வேண்டும் என்பதெல்லாம் அந்த அம்மாள் சொல்லிவைத்தபடி நடக்கும். அவள் சொல்ல மறந்ததை ஒருத்தியும் செய்ய மாட்டாள்.

ஆய்வு அதிகாரி ஒலி அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் அப்போதே அவருக்கும் மீட்டர் என்று பெயர் வைத்தாயிற்று. மச்சக்காரி சைரனை ஊதவிட்டாள். அவர் ஒவ்வோர் அறையாகப் போய் அளந்தார். எல்லா இடத்திலும் சட்டம் கேட்கிற அளவுக்கு மேலேயே இருந்தது. அவர் மீட்டரை நீட்டியபடி நடந்த தையல் கூடத்தில் ஒரு தலைகூட நிமிரவில்லை. ஒருத்தி மட்டும், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கையசைத்தாள்.

மனிதருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்டார். காவலாளி இருக்கிறான், அவனுக்குக் காது கேட்கும், ஓடிப்போய்க் கதவைத் தட்டி எழுப்புவான் என்று கைக்குட்டை மார்தட்டினார். காவலாளி பொய் சொல்லத் தெரியாத ஆள். தட்டுவதைத் தட்டிவிடலாம், தட்டினால் உள்ளே யாருக்குக் கேட்கும் என்று தலையைச் சொறிந்தான். கைக்குட்டை அவனை முறைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேதான் மச்சக்காரி வாயைத் திறந்தாள். பேனலில் சில அவுட்புட்கள் சும்மா கிடக்கின்றன, ஒன்றை விளக்குகளோடு இணைத்துவிட்டால் நெருப்பு என்றதும் எல்லா விளக்கும் மின்னி மின்னி எரியும், கண்ணால் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். பேனா யாருக்கும் தெரியாமல் அவள் காலை மிதித்தார். அதெல்லாம் டெண்டரில் இல்லை என்றார். கைக்குட்டையோ பெரிய மனசு பண்ணிச் சிரித்தார்.

"செவிடன் காதுல சங்கு ஊதின கதைதாம்மா இது. நம்மால ஆனதைத்தான் நாம செய்ய முடியும்."

அந்தப் பழமொழி காதில் விழுந்தாலே மச்சக்காரிக்கு ரத்தம் கொதிக்கும். சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் அம்மாவை வைத்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கிறார்கள், அம்மாவுக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில். கேட்டவள் மகள். அத்தனை வருஷக் கோபமும் அன்றைக்கு ஒரே வாயில் வந்தது.

"கேட்காதுன்னு தெரிஞ்சும் போய் ஊதினானே, அவனை யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே சார். அவன்தானே முட்டாள்?"

கைக்குட்டையின் சிரிப்பு நின்றுவிட்டது. மீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் புகுந்தார். சட்டத்தில் இருப்பதைத்தான் தான் பார்க்க முடியும் என்றார். ஆனால் கூடுதலாக ஏதாவது செய்து, அது வேலையும் செய்து, நிர்வாகமும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் சான்றிதழில் சேர்த்து எழுதிவிடுவேன், எழுதிவிட்டால் பிறகு ஒருவரும் அதைக் கழற்ற முடியாது என்றார். அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

வாசலில் பேனா அவளைப் பிடித்துக்கொண்டார். சோறு போடுகிற இடத்தில் வாய் நீளக் கூடாது, எழுதிய ப்ரோக்ராமில் இனிமேல் ஒரு புள்ளியைத் தொட்டாலும் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். அதோடு விட்டாரா? உங்கம்மா இங்கே இருக்கிறாள் என்பதற்காகத்தானே இந்தக் குதி குதிக்கிறாய் என்று குத்தினார்.

"ஆமா சார், எங்கம்மாவுக்காகத்தான். உங்கம்மா இங்க படுத்திருந்தா நீங்க குதிக்க மாட்டீங்களா?"

அவர் வண்டியில் ஏறிப் போனார்.

சங்குக் கதையை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் மச்சக்காரி அம்மாவிடம் கையால் கொட்டித் தீர்த்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கப் பார்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டே சைகையில் முடித்தாள். அனுமதி கேட்காதே. செய். வேலை போய்விடுமே என்றாள் மகள். போனால் இங்கே பொத்தான் தைக்கலாம், உனக்கு நேராகத் தைக்க வராது, பரவாயில்லை, சொல்லித் தருகிறேன் என்றாள் அம்மா. அவள் கிண்டல் எப்போதும் அப்படித்தான், முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சக்காரி தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் எலக்ட்ரீஷியன். அக்காவிடம் வாயால் பேச முடியாத பேச்சையெல்லாம் ஊராரிடம் பேசித் தீர்க்கிறவர். கம்பியைச் சீவும்போதும் பேச்சு, முடுக்கும்போதும் பேச்சு. ஆனாலும் கை சுத்தம். விளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை ரிலே என்கிற தானாக இயங்கும் சுவிட்ச் வழியாகத் திருப்பிவிட்டார். மச்சக்காரி மடிக்கணினியைத் திறந்து, எந்த இன்புட் வந்தாலும் இந்த அவுட்புட் விட்டு விட்டு வேலை செய்யட்டும் என்று எழுதினாள். ப்ரோக்ராமுக்குள் நுழையும் ரகசிய எண்ணை வைத்தவளே அவள்தானே, யார் தடுப்பது?

அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். பெண்களிடம் சொல்லவில்லை, சொல்லிவிட்டால் அது சோதனையே இல்லை. எல்லாரும் மாடியில் துணி மடிப்பதும் தலை வாருவதுமாக இருந்த நேரம். மச்சக்காரி சைரனை அடக்கிவைத்துவிட்டுச் சிவப்புப் பெட்டியை அழுத்தினாள். விடுதி முழுக்க விளக்குகள் மின்னின. பின்படிக்கட்டுக் கதவு தானாகத் திறந்தது. அவள் கொல்லைப்புறம் ஓடி, இதோ வரப்போகிறார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தியும் வரவில்லை.

உள்ளேயிருந்து மாமாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தனை பெண்களும் முன்படிக்கட்டு வழியாக இறங்கி வந்து, கையில் தட்டும் டம்ளருமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை கட்டி நிற்கிறார்கள். முதலில் நின்றவள் இன்றைக்கு என்ன இத்தனை சீக்கிரம் என்று விசாரித்தாள்.

மச்சக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். விளக்கு மின்னினால் சாப்பாடு. இந்த விடுதியில் மூன்று வேளையும் அம்மா விளக்குகளின் மெயின் சுவிட்சைத் தட்டித் தட்டித்தான் கூப்பிடுவாள். அது தெரியாதவளா இவள்? அதிலேயே வளர்ந்தவள். வீட்டில், அம்மாவைப் போலவே காது கேளாத அப்பாவைக் கூப்பிட வேண்டுமா, விளக்கைத் தட்டு. அம்மா திரும்பிப் பார்க்க வேண்டுமா, விளக்கைத் தட்டு. விளக்கைத் தட்டினால் கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்றுதான் அந்த யோசனையே அவளுக்கு வந்தது. பார்த்துவிட்டு எங்கே போவார்கள் என்று அவளும் யோசிக்கவில்லை, அம்மாவும் யோசிக்கவில்லை.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு, வரிசை நிற்கிற இடத்தைப் பார்த்ததும் தொண்டையிலேயே செத்துப்போனது. சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டித்தான் சமையலறை. இந்த மாதிரிக் கட்டடத்தில் நெருப்பு முதலில் எங்கே பிடிக்கும்? அடுப்படியில்தான். அடுப்படி எரிகிறது என்று பேனல் கண்டுபிடித்துச் சொல்ல, அத்தனை பெண்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு நெருப்பின் வாசலிலேயே வந்து வரிசையில் நின்றிருப்பார்கள். சைரன் யாரையும் எழுப்பாது, அவ்வளவுதான். இவள் செய்த வேலை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் அடுப்பில் தள்ளியிருக்கும். அவள் முகத்தைப் பார்த்த மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு எல்லாரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். மச்சக்காரி உண்மையைச் சொன்னாள். சோற்றுக்கு மெதுவாக மின்னட்டும், நெருப்புக்கு வேகமாக மின்னட்டும் என்று ஒரு சமாதானமும் சொன்னாள். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பசியோடு இருப்பவள் கண்ணுக்கு எல்லா மின்னலும் சோறுதான் என்றாள் ஒருத்தி. அம்மாவுக்கோ தன் சுவிட்சில் கைவைத்ததே பிடிக்கவில்லை, இத்தனை வருஷப் பழக்கத்தை உன் கம்ப்யூட்டருக்காக மாற்ற முடியாது என்று மகளைப் பார்த்துக் கையை வீசினாள்.

அந்த நேரம் பார்த்துத் தூங்குமூஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பெயருக்குக் குறைவு வைக்காதவள். விளக்கு மின்னியது, கதவு திறந்தது, எல்லாரும் ஓடிவந்தார்கள், அவள் மட்டும் போர்வைக்குள்ளேயே கிடந்திருக்கிறாள். என்னை விட்டுவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று அவள் பிடித்த சண்டையில்தான் எல்லாருக்கும் இன்னொன்று உறைத்தது. போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு தூங்குகிறவளுக்கு விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற ஒருத்தி இருந்தாள், பெயரும் எண்ணெய்தான். அவள் எழுந்துபோய், ஓட்டை உடைசல் கிடக்கிற அறையிலிருந்து ஒரு தையல் மெஷின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் சக்கரத்தில் ஒரு பக்கம் உடைந்து போயிருந்தது. ஓடவிட்டால் மேசையே நடந்துபோகும், அதனால்தான் தூக்கி எறிந்துவிட்டோம் என்றாள். வேண்டியது அதுதானே? மாடிக்குக் கொண்டுபோய்த் தூங்குமூஞ்சியின் இரும்புக் கட்டிலில் கட்டி, அவளைப் படுக்கவைத்து, முகத்தை மூடச் சொல்லி, சுவிட்சைப் போட்டார்கள். கட்டில் கடகடவென்று ஆடிய ஆட்டத்தில் அவள் எழுந்து நிற்கவில்லை, துள்ளி விழுந்தாள். எழுந்ததும் எண்ணெயைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

முடிவு அங்கேயே ஆயிற்று. முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்கள். மச்சக்காரி அதை எழுதிக்கொண்டவள் மட்டும்தான். கட்டில்களை வரிசை வரிசையாக இரும்புப் பட்டையால் பிணைத்து, வரிசைக்கு ஒரு மோட்டார். பழைய மோட்டார்களின் சக்கரங்களில் வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் இரும்புத் துண்டை முடுக்கினாள் எண்ணெய். மாமா விளக்குகளிலிருந்து ரிலேயைக் கழற்றிவிட்டு, மோட்டார்களை இன்வெர்ட்டரோடு இணைத்தார், மின்சாரம் போனாலும் ஆட வேண்டுமே. பகலில் கட்டிலில் இருக்க மாட்டார்களே என்றால், தையல் கூடத்துக்கு இன்னோர் அவுட்புட்: நெருப்பென்றால் அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். மின்தடை வந்தாலும் மெஷின் நிற்குமே, அப்போது என்ன செய்வது என்று ஒருத்தி நியாயமான கேள்வி கேட்டாள். அப்போதும் வெளியே போங்கள், கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டு வாருங்கள், குடியா முழுகிவிடும் என்றாள் அம்மா.

அம்மா கடைசியில் எழுந்து நின்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரிச் சொன்னாள்:

"விளக்கு மின்னினா சோறு. மெஷின் நின்னா, கட்டில் ஆடினா நெருப்பு. நெருப்புன்னா பின்படி."

வேலை முடிய இன்னும் சில ஞாயிறுகள் ஆயின. கடைசி ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, மச்சக்காரி யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடம்கூடச் சொல்லாமல், சைரனை அடக்கிவைத்துவிட்டுப் பெட்டியை அழுத்தினாள். கொல்லைப்புறம் போய் நின்றாள். மேலே இரும்பு அதிர்கிற சத்தம் கீழே வரை கேட்டது. பிறகு பின்படிக்கட்டில் காலடிகள். தலைவிரிகோலமாக, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எல்லாரும் வந்தார்கள். முதலில் இறங்கியவள் தூங்குமூஞ்சி. கடைசியில் அம்மா, ஒவ்வோர் அறையையும் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தட்டு ஒருத்தி கையிலும் இல்லை. மச்சக்காரி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அழுகை வேறு என்று அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

மீட்டர் மறுபடி வந்த நாளில், கைக்குட்டையும் பேனாவும் கூடவே வந்தார்கள். புதுச் சைரன்களுக்கென்று ஏற்பாடு செய்திருந்த திறப்பு விழாவுக்கு விருந்தினர் வரப்போகிற மாடியைப் பெருமையோடு காட்ட ஏறிய கைக்குட்டை, கட்டில்களுக்கு அடியில் தொங்கிய மோட்டார்களைப் பார்த்துவிட்டார். கீழே இறங்கியபோது அவர் முகம் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணினே?"

"தூங்கறவங்களைக் கேட்டுதான் சார் பண்ணினேன்."

அவர் ஆடிய ஆட்டம் கட்டில் ஆட்டத்துக்குக் குறைந்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை என்றார், யாருக்காவது ஷாக் அடித்தால் யார் ஜவாப் சொல்வது என்றார், இன்றைக்கே அத்தனையும் கழற்றியாக வேண்டும் என்றார். ஷாக் அடிக்காமல் இருக்க என்னென்ன செய்திருக்கிறது என்று மச்சக்காரி பொறுமையாகச் சொன்னாள். மீட்டர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார், வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் நிர்வாகத்தின் கையெழுத்து இல்லாமல் தன்னால் எழுத முடியாது என்று கையை விரித்தார். பேனா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். பேனலின் ரகசிய எண்ணைச் சொல், நானே அந்த அவுட்புட்களை அழித்துவிடுகிறேன், இல்லையென்றால் இந்த நிமிஷத்தோடு உனக்கு வேலை இல்லை என்றார்.

மச்சக்காரிக்குப் பயமாகத்தான் இருந்தது. அடுத்த வேலை எங்கே கிடைக்கும், இந்தத் தொழிலில் எல்லா முதலாளிகளும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். அம்மா அவள் தோளைத் தட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். மச்சக்காரி ஒரு வார்த்தை விடாமல் கையால் சொன்னாள். பார்க்கச் சகிக்கவில்லையாம், கழற்ற வேண்டுமாம், கழற்றாவிட்டால் எனக்கு வேலை இல்லையாம். போன தடவை சொன்ன சங்குக் கதையையும், அன்றைக்கு மறைத்துவைத்ததை, இப்போது சேர்த்துச் சொன்னாள்.

அம்மா கைக்குட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். நேராக நடந்துபோய், சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

இந்த முறை சைரனை யாரும் அடக்கிவைக்கவில்லை. கூரையிலிருந்த அத்தனை குடுவைகளும் ஒன்றாக ஊளையிட்டன. தையல் கூடத்தில் மெஷின்கள் நின்றன, பெண்கள் எழுந்தார்கள், பின்வழியாக வெளியேறி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கே வந்து நின்றார்கள். அம்மா அவர்கள் முன்னால் போய் விஷயத்தைச் சொன்னாள். கையெழுத்து விழுகிறவரை ஒருத்தியும் உள்ளே போவதில்லை என்றாள். எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கைக்குட்டை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நிறுத்து நிறுத்து என்று கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. காவலாளியிடம் கையை ஆட்டி மெயினை அணைக்கச் சொன்னார். அவன் அணைத்தான். சைரன் பேட்டரியில் ஊளையிட்டது. மின்சாரம் போனாலும் ஊத வேண்டும் என்பது டெண்டரிலேயே இருந்தது. பேனா ஓடிப்போய்ப் பேனல் கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில். அவர் மச்சக்காரியைப் பார்த்து என்னவோ கத்தினார். பேச்சுப் பழகுமுன்பே உதட்டைப் படிக்கப் பழகியவள் அவள். உன் வேலை போயிற்று என்பதைத் தெளிவாகப் படித்தாள். சரி என்று தலையாட்டினாள். போகட்டும் என்று தோன்றியது, வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளுக்கும் காது வலித்தது. எதிர்வீட்டு ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. எண்ணெய் யாருடைய தலையையோ பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். இருவர் ஏதோ கதை பேசிச் சிரித்தார்கள். தூங்குமூஞ்சி பக்கத்திலிருந்தவள் மடியில் தலையைச் சாய்த்து, நிஜமாகவே தூங்கிப்போனாள்.

பேசிப் பயனில்லாமல் போனதும், கைக்குட்டை முதல்முதலாக அந்தப் பெண்களிடம் கையால் பேசப் பார்த்தார். காதைக் காட்டினார், கூரையைக் காட்டினார், கும்பிட்டார். கைவேலை படுமோசம், குழந்தை உளறுவதுபோல இருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. அம்மா பதிலுக்கு, காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினாள்.

மீட்டர் தோளால் ஒரு காதை அடைத்துக்கொண்டு, சான்றிதழை முழங்காலில் வைத்து எழுதினார். கட்டில் மோட்டார்கள், மெஷின் நிறுத்தம், பின்கதவு, எல்லாவற்றையும் எழுதினார். எழுதிவிட்டுக் கைக்குட்டையிடம் நீட்டினார். அவர் படிக்கக்கூட இல்லை. காவலாளியின் முதுகில் வைத்து ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு, மச்சக்காரியைப் பார்த்துப் பேனல் பக்கம் கையை நீட்டிக் கெஞ்சினார். அவள் அம்மாவைக் காட்டினாள்.

அம்மா தாளை வாங்கிக்கொண்டாள். மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையால் இரண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள். வாசல் திண்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். ஓர் இடத்தில் சந்தேகம் வந்து, மேலே போய் மறுபடி முதலிலிருந்து வந்தாள். நாலு ஆண்களும் காதைப் பொத்திக்கொண்டு அவள் முன்னால் குந்தியிருந்தார்கள். முன்பக்கம் முடிந்தது. கைக்குட்டை எழுந்து நின்றார். அம்மா அவரை உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள்.